சித்தப்பாவின் பத்து ரூபாய் காயின்கள்

மூன்று வார லீவில் சென்னை போய்வந்தேன். பேங்கில் கேஒய்சி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வில்லங்க சர்டிஃபிகேட் என்று லண்டனிலிருந்தே பயந்துகொண்டு போன வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒழுங்காக நடந்ததை எழுதி என்ன ஆகப்போகிறது? நான் எழுத உட்கார்ந்தது சித்தப்பாவின் சுருக்குப்பையைப் பற்றி.

சித்தப்பா ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வீடு பெரம்பூர். எனக்கு ஃபுட்பால் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். 1990 உலகக்கோப்பையின் முதல் மேட்சில் கேமரூன் அர்ஜென்டினாவை 1-0 என்று சாய்த்த ராத்திரி, எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் வீட்டு சாலிடேர் டிவி முன்னால்தான் இருந்தோம். மரடோனா தோற்றதற்குச் சித்தி அழுதாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் ஒரு மேட்ச் பார்த்து நான் கண்டதில்லை. 1993-ல் மெட்ராஸில் நேரு கோப்பை நடந்தபோது, ஷிஃப்ட் முடிந்து வந்த யூனிஃபார்மோடு என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அழைத்துப்போனார். வட கொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கவுண்டரில் டிக்கெட், கையில் கடலைப் பொட்டலம், உட்காரச் சிமென்ட் படி. உங்களுக்குத் தெரியாததா.

நான் ஊரைவிட்டு வந்த பதினெட்டு வருஷத்தில் அவர் கிரவுண்டு பக்கமே போகவில்லை. எல்லாம் டிவியில்தான். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45-லிருந்து 5.15 வரை டிவியில் எந்த ஃபுட்பால் மேட்சையும் நேரலையாகக் காட்டமாட்டார்கள். 1960-களில் வந்த ஏற்பாடு. வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தால் சின்ன ஊர் கிளப்புகளின் கேலரி காலியாகிவிடும் என்ற பயம். என் வீட்டிலிருந்து ஒன்பது மைல் தள்ளி மூன்று மணி மேட்ச் நடக்கும், நான் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருப்பேன். அதே மேட்சைச் சித்தப்பா பெரம்பூரில் ராத்திரி எட்டரைக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டே பார்ப்பார். பார்த்துவிட்டு போன் வேறு: "டேய், உங்க ஊர்ல ஒரு பெனால்டி குடுத்தான் பாரு, அநியாயம்டா!"

மற்ற நேரத்து மேட்சுகளுக்கு இங்கே இரண்டு சந்தா. 2025-26 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கின் 380 மேட்சில் குறைந்தது 267 நேரலை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். உரிமையை இரண்டு கம்பெனிக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதால் பில்லும் இரண்டு. சரி, நேரில் போய்விடலாம் என்றால், டிக்கெட்டுக்குக் குலுக்கலில் பேர் கொடுக்கவே முதலில் மெம்பர்ஷிப் கட்ட வேண்டும். பேர் விழுந்து, டிக்கெட் எடுத்து, ரயிலேறி, இடைவேளையில் எதையாவது வாயில் போட்டுவிட்டு வந்தால் இரண்டு பேருக்கு 200 பவுண்டு காலி. வெளியூரிலிருந்து வரும் ரசிகனிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ல் உச்சவரம்பு வைத்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு அது கிடையாது. சம்பந்தி வீட்டாருக்கு மட்டன், நமக்கு மோர்.

இந்தக் கடுப்பெல்லாம் சேர்ந்துதான் இந்த முறை சித்தப்பாவை மேட்சுக்கு அழைத்துப்போகும் ஆசையைக் கிளப்பியது. டிக்கெட் 150 ரூபாய். விலையை இரண்டு தடவை பார்த்தேன். 500 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஐபிஎல் டிக்கெட்டுக்கு 40 சதவீதம் போடுகிற அரசாங்கம் ஃபுட்பாலைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பதிலும் ஒரு லாபம். ஆனால் கவுண்டர் என்று ஒன்று இல்லை. ஆப்பில்தான் எடுக்க வேண்டும், ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும். தங்கச்சி போனில் எடுத்தோம். புக்கிங் கட்டணம் தனி, அதற்கு மட்டும் ஜிஎஸ்டி உண்டு. பெரம்பூரிலிருந்து ஆட்டோ 220. "டிக்கெட்டை விட ஆட்டோ ஜாஸ்தியா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார் சித்தப்பா.

இனி கேட். எந்த லீக், எந்த கிரவுண்டு, காவலைக் குத்தகைக்கு எடுத்த ஏஜென்சி எது என்பதை எழுதப்போவதில்லை. அங்கே நின்றவர்கள் தினக்கூலிக்கு நிற்கும் பையன்கள்.

"தாத்தா, காயின் அலோ பண்ண மாட்டாங்க. பாக்ஸ்ல போட்டுடுங்க."

காலடியில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. எட்டிப் பார்த்தேன். சில்லறை, லைட்டர், சீப்பு, பாதி சிகரெட் பாக்கெட், ஒரு லிப்ஸ்டிக், யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜியாமெட்ரி காம்பஸ். சித்தப்பா சட்டையைத் தூக்கி வேட்டி மடிப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். கருநீலத் துணி, நைந்த கயிறு. உள்ளே 23 பத்து ரூபாய் காயின்கள். அவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிறவர்கள் சமீபத்தில் ஊருக்குப் போகாதவர்கள். பத்து ரூபாய் காயினைப் பெட்டிக்கடையில் வாங்குவதில்லை. பதினாலு டிசைனில் இருக்கிறது, பதினாலும் செல்லும் என்று ரிசர்வ் பேங்க் 2018-லேயே சொல்லிவிட்டது. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ரிசர்வ் பேங்க் யார்? எங்கிருந்தோ வந்து சேர்கிறது, யாரும் வாங்குவதில்லை, பையில் தங்கிவிடுகிறது.

"ஊர்ல எவனும் இதை வாங்க மாட்டேன்றான். நீ ஒருத்தன்தான்பா கேட்டு வாங்குற" என்றார் சித்தப்பா. பின்னால் வரிசை சிரித்தது. பையன் சிரிக்கவில்லை.

"பிளேயர் மேல எறிவாங்க தாத்தா. ரூல்ஸ்."

"இருநூத்து முப்பது ரூபாயை எறியறவன் நூத்தம்பது ரூபா டிக்கெட்லயா வருவான்?"

வாக்கி டாக்கியோடு சூப்பர்வைசர் வந்தார். மேட்ச் முடிந்து பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அதுக்கு கேரண்டி இல்ல சார்." டோக்கன் கொடுக்கலாமே? "அதெல்லாம் கிடையாது சார்." எங்கே எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் எகிறினேன். என் லண்டன் புத்தி. அவர் என் போனையே வாங்கி, டிக்கெட்டின் அடியில் எறும்பு ஊர்வது போல இருந்த நிபந்தனைகளைத் தேய்த்து ஓட்டி ஒரு வரியைக் காட்டினார். இருந்தது. வாங்கும்போது நான் படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

லண்டனில் மட்டும் என்ன வாழ்கிறதாம். பாட்டில் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், பையை அளந்து பார்ப்பார்கள். காயினை உள்ளே விடுவார்கள். ஆனால் பல ஸ்டேடியங்களில் உள்ளே காசே செல்லாது, கார்டு மட்டும்தான். ஆனாலும் அங்கே அந்தப் பையன் மூடியைக் கேட்கும்போது ஒரு "சாரி" சொல்வான். இங்கே வேட்டி மடிப்பை விரித்துக் காட்டிக்கொண்டு நின்ற எழுபத்திரண்டு வயசு மனுஷனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எரிந்தது அதுதான்.

பெட்டியில் போட மாட்டேன் என்று சித்தப்பா திரும்பி நடந்தார். டீக்கடையில் நோட்டாக மாற்றிக் கேட்டோம். "பத்து ரூபா காயினா? வேணாம் சார்." ஜூஸ் கடை, வேணாம். பார்க்கிங் சீட்டு கிழிப்பவர் கையெடுத்தே கும்பிட்டார். பதினெட்டு நிமிஷம் இப்படி ஓடியது. உள்ளேயிருந்து மதிலைத் தாண்டி ஒரு பெரிய "ஓ" எழும்பி வந்து விழுந்தது. சித்தப்பா நின்று காதைத் திருப்பி, "நம்ம பசங்க போட்டதுடா" என்றார். சரியாகத்தான் சொன்னார். வீட்டிலிருந்தால் அந்த கோலை நாலு கோணத்தில் ரீப்ளே பார்த்திருப்போம்.

கடைசியில் பிளாட்பாரத்தில் சுண்டல் விற்கிற ஓர் அம்மா கூப்பிட்டார். "இன்னா நைனா, பையா? குடு, வெச்சிக்கிறேன். முடிஞ்சி வந்து வாங்கிக்க." கூடைக்குப் பக்கத்தில் ஒரு கோணிப்பை. உள்ளே பவர் பேங்க், ஹெல்மெட், ஹெட்ஃபோன், ஒரு லேப்டாப் பை கூட. சீட்டு இல்லை, நம்பர் இல்லை. எவ்வளவு என்று கேட்டதற்கு, "இருபது ரூபா, வரும்போது குடு." நான் தயங்கினேன். சித்தப்பா தயங்கவில்லை.

உள்ளே போனபோது முப்பத்தோராவது நிமிஷம். நமக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தடகள டிராக். ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் தெரியாது, நம்பரை வைத்துத்தான் அடையாளம். காகிதக் கப்பில் தண்ணீர் இருபது ரூபாய். கழிவறையைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்களும் இருப்பீர்கள். ஆஃப்சைடு கொடுத்தபோது சித்தப்பா தன்னையறியாமல் ஸ்கோர்போர்டு பக்கம் திரும்பினார். ரீப்ளே இல்லை. "அப்போ எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார், 1993-ல் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை மறந்து.

செகண்ட் ஹாஃபில் மெல்ல மாறினார். பந்து வலது மூலையில் இருக்கும்போது அவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஏழாம் நம்பரைப் பாரு. பந்து வரவே இல்ல, அதுக்குள்ள ரெண்டு தடவை ஓடிட்டான்." 2023 டுராண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில், அதாவது அந்த ஊரின் இரண்டு பரம வைரி கிளப்புகள் மோதிய மேட்சில், ஈஸ்ட் பெங்காலுக்கு ஒற்றை கோல் போட்ட நந்தகுமார் சென்னைப் பையன். அதைச் சித்தப்பா டிவியில் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னார்: "அந்தப் பையன் பந்து வர்றதுக்கு முன்னாடி எங்க நின்னான்னு டிவிக்காரன் காட்டவே இல்லடா. பந்து இருக்குற எடத்தைத்தான் காட்டுவான்." இரண்டு சந்தா கட்டுகிற எனக்கு இது தோன்றியதே இல்லை.

1-1. டிராவில் முடிந்தது.

வெளியே வரும்போது எனக்குப் பந்தயம் கட்டத் தோன்றியது, அந்த அம்மா இருக்க மாட்டார் என்று. இருந்தார். சுண்டல் தீர்ந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஒரு கும்பல். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து அவரவர் சாமானை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கோணிப்பைக்குள் கையை விட்டு, வேறு எதையும் தொடாமல் சுருக்குப்பையை எடுத்தார். சித்தப்பா வாங்கி, அவிழ்த்து, இரண்டு பத்து ரூபாய் காயினை நீட்டினார்.

"ஐய, இது வேணாம் நைனா. எவன் வாங்குவான்? நோட்டா குடு."

என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. ஜிபே அட்டையைக் காட்டினார். என் போனில் ஜிபே கிடையாது, சித்தப்பாவிடம் இருப்பது பட்டன் போன். "பரவால்ல, அடுத்த மேட்ச்சுக்கு வர்றப்ப குடு" என்று அடுத்த ஆளின் ஹெல்மெட்டைத் தேடப் போய்விட்டார்.

திரும்பும் ஆட்டோ 250. எல்லாம் கூட்டினால் 850 சொச்சம், அதாவது ஏழு பவுண்டு. அந்தக் காசுக்கு லண்டனில் இடைவேளை டீயும் ஒரு பஃப்பும் வரும். சித்தப்பா கணக்கு வேறு மாதிரி. "இந்தப் பணத்துக்கு வீட்ல எத்தனை மாசம் பார்க்கலாம் தெரியுமா? இனிமே சத்தியமா வரமாட்டேன்."

நான் லண்டன் திரும்பி இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மூன்று மணி மேட்ச் நடக்கும்போது போன் வந்தது. பெனால்டி பற்றி என்று நினைத்து எடுத்தேன்.

"டேய், உன் தங்கச்சிகிட்ட சொல்லி அடுத்த மேட்சுக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லு. அந்த அம்மாவுக்கு இருபது ரூபா குடுக்கணும்."