ரசீது இல்லாத ஒன்றரை லட்சம்

கவுன்சிலிங் தொடங்கும் முன்பே பொறியியல் சீட்டை 'பிளாக்' செய்துவிடலாம் என்று பையில் பணத்தோடு கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024இல் அக்கா மகனுக்காக நான் அப்படித்தான் கிளம்பினேன்.

பையனுக்குக் கட்ஆஃப் 200க்கு 168. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று போடும் கணக்கு. ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா என்று எங்கள் எல்லோர் வயிற்றிலும் புளி கரைந்தது. அந்தப் புளியில் குழம்பு வைத்தவர் வடபழனியில் ஆபீஸ் போட்டிருந்த ஒரு அட்மிஷன் ஏஜென்ட். "ரிசல்ட் வந்து பத்து நாள் ஆச்சு சார், ரெண்டு சீட்தான் பாக்கி" என்றார்.

தாம்பரம் தாண்டி இருந்த கல்லூரிக்கு அவரே காரில் கூட்டிப்போனார். ஏசி அறை, காபி, அப்புறம் 'ஆராய்ச்சி மையம்'. சுவரில் '120 பேட்டன்ட்', அதாவது கண்டுபிடிப்புக் காப்புரிமை, என்று பித்தளைப் பலகை. உள்ளே இருந்த த்ரீடி பிரின்டருக்கு பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. "மாமா, இதுக்கு ஒயரே சொருகல" என்று பையன் காதில் கிசுகிசுத்தான். நான் அவனை அதட்டினேன். அவனுக்கு இருந்த கண் எனக்கு இல்லை.

பேட்டன்ட் சங்கதி பிறகுதான் விளங்கியது. விண்ணப்பம் போட்டாலே 18 மாதத்தில் பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாகிவிடும். அதைப் பரிசோதித்து வழங்கினால்தான் பேட்டன்ட். பலகையில் இருந்தது எந்தக் கணக்கு என்று நான் கேட்கவே இல்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பேராசிரியர் படங்களையும் அப்படியே நம்பினேன். ஒரே ஆளைப் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டிய விவகாரம் அந்த ஜூலையில் பேப்பரில் வந்தபோது, பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தது.

பணத்துக்கு வருகிறேன். சுயநிதிக் கல்லூரிகளில், கவுன்சிலிங் இல்லாமல் நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது ஆண்டுக்கு 85,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 87,000. அந்த 87,000க்குப் பளிச்சென்று கம்ப்யூட்டர் ரசீது கொடுத்தார்கள். கூடவே கேட்ட ஒன்றரை லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் 'ஒன்றரை' என்று எழுதி, அதையும் ஏஜென்ட் திரும்ப வாங்கிக்கொண்டார். நன்கொடை வசூலிக்கத் தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டப்படி தடை இருக்கிறது. பென்சிலுக்குக் காரணம் அதுதான். டிசி, பிளஸ் டூ மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் இரண்டாம் சுற்றுக் கவுன்சிலிங்கில் பையனுக்கு வேறொரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. அரசு ஒதுக்கீடு, 55,000தான். அவனும் அதைத்தான் படிக்க ஆசைப்பட்டிருக்கிறான், எங்களிடம் சொல்லப் பயம். சில நாளில் போய்ச் சேர வேண்டும், ஒரிஜினல் வேண்டும். போய்க் கேட்டால், "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் அலுவலக மேலாளர்.

பக்கத்து வீட்டு வக்கீல்தான் காப்பாற்றினார். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினலைப் பிடித்துவைக்கவும் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதி. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் நகல் போகும் என்று அடியில் சேர்த்தார். மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது, மறு மாதம் 86,000 வந்தது. பிடித்த ஆயிரத்துக்கு மறக்காமல் ரசீது வேறு.

ஒன்றரை லட்சம்? "அப்படி யாரும் வாங்கலையே சார்" என்றார் மேலாளர். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. வடபழனி மாடிக்குப் போய்ப் பார்த்தால் தையல் வகுப்பு நடக்கிறது.

அந்தப் பணம் அக்கா வளையலை அடகு வைத்து வந்தது. வட்டி மட்டும் மாதாமாதம் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசேஷங்களுக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வருகிறாள்.