கரையோரமாகப் பத்தொன்பது மாதங்கள்; மிச்சம் நான்கு கிலோமீட்டர்

சிங்கப்பூரைச் சுற்றி 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதையைத் தேசியப் பூங்காக் கழகம் துண்டு துண்டாக இணைத்து வருகிறது. அதன் கிழக்குப் பாதி 75 கிலோமீட்டர். தெற்கே லாப்ரடார் பக்கம் பெர்லேயர் ஓடையில் தொடங்கி, கிழக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு, வடக்கே ரோவர்ஸ் பே பூங்காவில் முடிகிறது. சென்ற ஆண்டு பிப்ரவரியில் நடக்கத் தொடங்கினேன். இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதை முடித்தேன். பிடித்த பகுதிகளை இரண்டாம் முறையும் நடந்தேன். முடித்த இடத்தில் நிற்க மனம் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த செம்பவாங் அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். அதனால் பாதை முடிந்த பிறகும் நடந்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது அரிது. என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலணி. அலமாரியில் மூன்று ஆண்டுகள் புத்தம் புதிதாகக் கிடந்த ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது ஞாயிறே, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், அடிப்பாகம் உதிர்ந்த புட்டு போலப் பொலபொலவென்று கொட்டியது. வாங்கிய கடைக்காரர் "போடாமல் வைத்திருந்ததுதான் தவறு" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிப்பாகம் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். பயன்படுத்தாமல் மூடி வைத்தால் இன்னும் விரைவாகப் போகும். அடுத்து வாங்கியது ஈ.வி.ஏ. நுரை அடிப்பாகம் கொண்டது. அது அப்படி உதிர்வதில்லை. நாளடைவில் தட்டையாகி மெத்தென்ற தன்மை குறையும், அவ்வளவுதான். பதினெட்டு மாதங்கள் உழைத்து இப்போதும் உழைக்கிறது. குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. அரை அளவு பெரிதாக வாங்குங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தால் பாதம் வீங்கும். விரல் நகம் கறுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

குடை நல்ல துணை, சுமத்ரா சூறைக்காற்று வராத வரையில். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அது விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பாய்ந்து வரும். வானத்தின் மேற்கு ஓரம் கரும்பலகை போல ஆகிவிட்டால் குடையை மடக்கிவிட்டு அருகிலுள்ள கூரைக்கு ஓட வேண்டும். திறந்த கடற்கரையில் மின்னலோடு விளையாடக் கூடாது. மற்ற நாட்களில் ஆறேகாலுக்கு இருட்டில் தொடங்குவேன். இங்கே சூரியன் ஏழு மணி அளவில்தான் எழும். ஒன்பதரைக்குள் முடித்துவிட்டால் உடம்பு அன்று முழுதும் நம் பேச்சைக் கேட்கும். தண்ணீருக்குக் கவலையே இல்லை. பூங்காக்களில் குடிநீர்க் குழாய்கள் தாராளமாக இருக்கின்றன.

இனிப் பாதை. பெர்லேயர் ஓடையிலிருந்து மரினா வரையான பகுதியில் சாலையும் கட்டடமும்தான் அதிகம். அலையாத்தி மரங்களுக்கிடையே மரப்பாலத்தில் நடக்கும் தொடக்கம் மட்டும் அழகு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வந்த பிறகுதான் இது கரையோர நடை என்ற உணர்வு வருகிறது. ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் நிழல், கழிப்பறை, சாப்பாடு எதற்கும் குறையில்லை. முதன்முறை நடப்பவர்கள் இங்கே தொடங்கலாம். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி, ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது மூடப்பட்ட இதே மணலில் இன்று குழந்தைகள் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கையுறை மாட்டி அந்த மணலை அள்ளிய தொண்டூழியர்களை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

என் மாமியார் சிக்லாப்பில் வளர்ந்தவர். பெடோக் படகுத்துறை அருகிலிருந்து அவருக்குக் காணொளியில் அழைத்துக் கடலைக் காட்டினேன். "அத்தை, எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள்" என்றேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. "நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிகிறதா? அந்தக் காலத்தில் அங்கே நின்றிருந்தால் உன் தலைக்கு மேல் தண்ணீர், அம்மா" என்றார். 1966இல் தொடங்கிய நில மீட்பில் கடல் அவர்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து தள்ளிப் போய்விட்டது. அவர் குளித்த கரை இன்று சாலைக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் அடியில் எங்கோ கிடக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கு நடந்தாலும் ஒரு கேள்வி கூடவே வந்தது: இது பழைய கரையா, போட்ட கரையா? இந்தப் பாதையை நடப்பவர்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், கிளம்பும் முன் அவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். திசைகாட்டிப் பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கால் எதன் மேல் படுகிறது என்பதை அவை சொல்வதில்லை.

விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் நிழல் குறைவு, வேகமாகக் கடந்துவிடுங்கள். சாங்கிக் கடற்கரையில் 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியர் அறுபத்தாறு பேரைச் சுட்டுக் கொன்ற இடத்தில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே சற்று நின்றேன். பிறகு சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக். பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திக் காட்டை நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அப்போதுதான் சேற்றில் நண்டுகளும் சேற்றுமீன்களும் தெரியும். கடல்மட்ட நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்பும் வழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

லோரோங் ஹாலுஸ் ஒரு காலத்தில் குப்பை கொட்டும் இடம். இன்று நாணலும் சிவப்புப் பாலமும். அதைத் தாண்டினால் கோனி தீவு. காலை ஏழு மணிக்குத்தான் வாயில் திறக்கும். நான் ஆறரைக்குப் போய் அரை மணி நேரம் கொசுக்களோடு நின்றேன். சவுக்கு மரங்களின் ஊசி இலைகள் விழுந்து மண்பாதை மெத்தை போலிருக்கும். இந்த 75 கிலோமீட்டரில் என் முழங்கால் நன்றி சொன்ன ஒரே தரை அதுதான். மற்ற இடங்களில் காங்கிரீட். கால் வலி உள்ளவர்களுக்குப் பாதையின் பெரிய குறை இது. ஓரத்தில் மண்தடம் ஒன்றை எல்லா இடத்திலும் விட்டுவைக்கலாம்.

பொங்கோல், சிலேத்தார் வழியாக ரோவர்ஸ் பே. அதையடுத்து ஈசூன் அணை. அணைமேல் நின்றால் ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் ஜொகூர் நீரிணை. சிலேத்தாரில் இறங்கும் சிறு விமானங்கள் தாழப் பறக்கும். சிறுவயதில் எங்கள் வீட்டு வானத்தின் சத்தமும் விமானச் சத்தம்தான்; அதைக் கேட்டதும் கால் தானாக மெதுவாகியது.

இங்கே நேராகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. அணைக்கும் செம்பவாங் பூங்காவுக்கும் இடையே கரையோரமாகப் போக முடியாது. சிம்பாங் பக்கம் நடப்பவருக்குத் திறந்த கரை இல்லை. கடலை விட்டு உள்ளே வந்து, ஈசூன் வழியாக, ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் சுற்ற வேண்டும். கரையோர நடைக்கென்று வருபவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கோ பாதையிலேயே மிக நெருக்கமான பகுதி இதுதான்.

என் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 'பேஸ்' என்றுதான் வீட்டில் சொல்வோம். ஆயிரம் அடி நீளமான ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938இல் அங்கே திறக்கப்பட்டது. 1968இல் கப்பல் பட்டறையாக மாறியபோது அப்பா அங்கே பற்றவைப்பு வேலையில் இருந்தார். 1971இல் பிரிட்டிஷ் படை போய்விட்டது. தெருப்பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. கான்பரா, வெலிங்டன், மால்டா, ஜிப்ரால்டர், பெர்முடா. உலக வரைபடத்தைப் பள்ளியில் பார்த்தபோது, எங்கள் தெருக்களை யாரோ எடுத்து ஊர்களுக்கு வைத்துவிட்டார்கள் என்று அக்காவிடம் அழுதிருக்கிறேன்.

கான்பரா சாலையில் வரிசை வீடுகள். ஒரு வாசலில் தமிழ், அடுத்த வாசலில் மலையாளம். பங்குனி உத்திரத்துக்கு விடியும் முன்பே எங்கள் தெருவில் கோலம் விழுந்துவிடும். மரத்தடியில் தொடங்கிய அந்த முருகன் கோயில், ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறது. சுற்றிப் போகும் வழியில் உள்ளே சென்று உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி "எந்தப் பிள்ளை நீ?" என்றார். ஊர், வேலை எதையும் கேட்கவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன். "நண்டுக்காரர் மகளா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விடுவித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. 2019இல் திறந்த கான்பரா எம்ஆர்டி நிலையமும் புதிய அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. மாமியார் ஊரில் கரை போய்விட்டது, மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் கரை அப்படியே இருக்கிறது. செம்பவாங் கடற்கரை இயற்கையாக மிஞ்சிய சில கரைகளில் ஒன்று. அங்கிருந்த மனிதர்கள்தான் ஈசூனுக்கும் உட்லண்ட்சுக்கும் அதற்கு அப்பாலும் சிதறிவிட்டோம். இந்தப் பகுதியில் பாதை போடும்போது கான்பரா சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டும், இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கப்பல் பட்டறை நிலமும் புதிய நீர்முகப்புப் பகுதியாக மாறப்போகிறது. பலகை வைக்க இதுதான் நேரம்.

கடைசியாக நடந்து நின்ற இடம் வெந்நீர் ஊற்று. தரைக்கடியிலிருந்து ஏறத்தாழ எழுபது டிகிரி சூட்டில் வரும் நீர், படிப்படியாக இறங்கி, கால் வைக்கும் சூட்டுக்கு ஆறுகிறது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஞாயிறுதோறும் வாளியோடு வந்து முதுகில் ஊற்றிக்கொள்வார். பிறகு அது வேலிக்குள் போனது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள். முட்டை வேகவைக்க வருபவர்கள் அதிகம் என்பதால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். முழங்கால் வலிக்கு இருபது நிமிடம் போதும். அன்று வீடு திரும்பும்போது மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்.

அங்கிருந்து செம்பவாங் பூங்காவின் படகுத்துறை வரை நான்கு கிலோமீட்டர். ஒரு மணி நேர நடை. ஒரு மாதமாகப் போகாமல் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஜூலையில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. "நான் இல்லாமல் அந்தத் துறையில் கால் வைக்காதே" என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டாள். இப்போது ஊன்றுகோலோடு ஒரு கிலோமீட்டர் நடக்கிறாள். போன ஞாயிறு அவளுக்காக வழியை வேவு பார்த்தேன், பூங்கா வாசலோடு திரும்பிவிட்டேன். செம்பவாங் சாலை நடைபாதை சமதளம். மழைமரங்களின் நிழல் இருக்கிறது. இடையில் முடியாமல் போனால் 882 எண் பஸ் பூங்கா வரை போகும். உட்கார ஐந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"ஏற்றமா வற்றமா பார்த்தாயா?" என்று கேட்டாள்.

"வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் நீர் ஏறத் தொடங்கும், அக்கா."

"அப்படியானால் எட்டரைக்குத் துறையில் இருக்க வேண்டும். நீர் ஏறும்போதுதான் நண்டு வரும். அப்பாவின் வலை என்னிடம்தான் இருக்கிறது. நீ கோழிக்கழுத்து வாங்கி வா."