பால் பல்லுக்குப் பல் நிறக் கேப்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மகளுக்கு மூன்று வயதில் மேல் முன்பற்கள் நான்கிலும் சொத்தை. கீழ் முன்பற்களில் ஒன்றுமே இல்லை. அவற்றை நாக்கும் எச்சிலும் காத்துவிடுமாம். “விழப்போற பல்தானே” என்றார்கள் வீட்டில். மேல் நடுப்பற்கள் விழ 6, 7 வயதாகும், பக்கத்துப் பற்கள் 7, 8. அதுவரை சொத்தையோடு விடுவதா? கேப் போட்டோம்.

நடுப்பற்களுக்கு சிர்கோனியா (பீங்கான் வகை), பக்கத்துப் பற்களுக்கு ஸ்ட்ரிப் கிரவுன். ஸ்ட்ரிப்பில், பல் வடிவ பிளாஸ்டிக் கூட்டில் காம்போசிட்டை (பல் நிறப் பிசின்) நிரப்பிப் பல்லில் அழுத்தி, நீல வெளிச்சத்தில் இறுகியதும் கூட்டை உரித்துவிடுகிறார்கள். பல்லை அதிகம் ராவ வேண்டாம். ஆனால் ஒட்டும்போது ரத்தமோ எச்சிலோ பட்டால் பிடிப்பு போச்சு. சிர்கோனியா ஆயத்தக் கேப். அதை நெருக்கி வளைக்க முடியாது, அதனால் பல்லைத்தான் கூடுதலாக ராவுகிறார்கள்.

முதலில் ஸ்ட்ரிப்தான் அசல் பல் மாதிரி இருந்தது. சிர்கோனியா கொஞ்சம் அதிக வெள்ளை. போகப்போகக் கதை மாறியது. ஸ்ட்ரிப்பின் ஓரம் மஞ்சளாகி, பொம்மையைக் கடித்ததில் ஒரு முனை பெயர்ந்தது. நகத்தால் தடவினால் சின்னப் படி தட்டுப்படும். அவள் நாக்கு எந்நேரமும் அங்கேதான். மருத்துவர் ஊசி போடாமலே காம்போசிட் வைத்து ஒட்டிவிட்டார். சிர்கோனியா உடைந்திருந்தால் கேப்பையே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இதுவரை அதில் ஒரு கீறல்கூட இல்லை, கறையும் ஏறவில்லை. கடிக்கிற பிள்ளைக்கு, ராவுவதற்குப் போதிய பல் மிச்சமிருந்தால், என் ஓட்டு சிர்கோனியாவுக்கு.

எந்தக் கேப் ஆனாலும் ஆயுள் ஈறோரத்தில்தான் இருக்கிறது. பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, விளிம்புக்கு அடியில் மறுபடி சொத்தை வரலாம். உதட்டைத் தூக்கிப் பிடித்து, பிரஷை ஈறுப் பக்கம் சாய்த்துத் தேய்க்க வேண்டும். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு. ராத்திரி தேய்ப்பது இன்றும் நான்தான். அவளிடம் விட்டால் கண்ணாடியில் தெரியும் நுனியை மட்டும் தேய்ப்பாள்.

இப்போது ஒரு நடுப்பல் ஆடுகிறது. பால் பல் விழுவதற்காக அதன் வேர் கரைவது கேப்பால் நிற்காது, பல்லோடு கேப்பும் விழுந்துவிடும். இன்னொரு நடுப்பல்லில் வேர் சிகிச்சை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட பல் சில சமயம் விழத் தாமதிக்கும் என்பதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.