பழைய ஃபோர்டு பிக்கப்புக்கு யாருடைய எஞ்சின்?

1967 முதல் 1972 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பை அமெரிக்காவில் இன்றும் ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். துரு ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாடியும் சேஸிஸும் இன்னும் பல வருஷம் தாங்கும். பின்னால் இருக்கும் ஒன்பது அங்குல ஆக்ஸில் லேசில் உடையாது. தொல்லை எல்லாம் எஞ்சினில்தான். 1968-இல் வந்த 360 கன அங்குல வி8-க்கு (வி வடிவில் எட்டு சிலிண்டர்) 215 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்டார்கள். அது விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதையும் மாட்டாமல் அளந்த அந்தக் காலத்துக் கணக்கு. சக்கரத்துக்கு வந்து சேர்வது அதைவிட நிறையக் குறைவு. பெட்ரோல் குடிப்பதில் மட்டும் குறை வைக்காது.

இதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் வைப்பதென்றால் மூன்று வழிகள்தான் உண்மையில் போட்டியில் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8, கம்மின்ஸ் டீசல், ஃபோர்டின் சொந்தப் புது வி8 ஆன கயோட்டி. முதல் இரண்டும் ஃபோர்டு வண்டிக்கு வேற்று வீட்டுச் சரக்கு. ஆனாலும் பழைய எஃப்-100-க்கு நான் கை காட்டுவது எல்எஸ் பக்கம்தான்.

எல்எஸ் வகை 1997-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. நமக்கு வேண்டியது அந்த அலுமினிய எஞ்சின் இல்லை. 1999 முதல் சில்வராடோ, டாஹோ, சபர்பன் வண்டிகளில் வந்த இரும்பு பிளாக் 5.3 லிட்டர். எல்எம்7 என்ற குறியீட்டில் 270 முதல் 295 குதிரைத்திறன் வரை கொடுத்தார்கள். இது எல்லாவற்றையும் மாட்டிய பிறகு அளந்த கணக்கு. உடைத்து விற்கும் யார்டு எதற்குப் போனாலும் இந்த எஞ்சின் கிடக்கும், கயோட்டியோடு பார்த்தால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் ஹெட் சின்னது, எஞ்சினும் ஒடுக்கம். ஸ்டியரிங் பாக்ஸுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்தில் இடம் மிஞ்சுகிறது. எடையும் பழைய இரும்பு வி8-ஐ விடக் குறைவு என்பதால் முன் ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை.

மவுண்டிங் தகடும் கியர்பாக்ஸ் குறுக்குச்சட்டமும் ரெடிமேடாகவே கிடைக்கின்றன. நேரம் போவது சில்லறை வேலைகளில். எல்எஸ் ஹெட்டின் மேல்பக்கம் நீராவி வெளியேற ஒரு சிறு குழாய் வரும். அது ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய ஃபோர்டு ரேடியேட்டரில் அதற்கு வாயே கிடையாது என்பதால் பலர் குழாயை அடைத்துவிடுகிறார்கள். ஹெட்டுக்குள் காற்று தங்கி ஒரு மூலை மட்டும் கொதிக்கும். மீட்டரில் ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் கடையில் ஒரு துளை போட்டு வாய் வைத்துத் தருவது சின்ன வேலை, அதைத் தவிர்க்காதீர்கள்.

மீட்டர் இன்னொரு பாடு. எஃப்-100-இன் வெப்ப மீட்டர் ஃபோர்டு சென்சாருக்கு மட்டும்தான் சரியாகக் காட்டும். எல்எஸ்ஸின் சொந்த சென்சார் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்வதற்கு. வலது பக்க ஹெட்டின் பின்னால் 12 மிமீ திருகு அடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, ஒரு அடாப்டர் போட்டு, பழைய ஃபோர்டு சென்சாரையே அங்கே பொருத்தினால் டாஷ்போர்டு முள் பழையபடி எழும். டாஷ்போர்டைப் பிய்த்து டிஜிட்டல் மீட்டர் வைப்பதை விட இது எவ்வளவோ அழகு.

அடுத்தது பெட்ரோல் டேங்க். இந்த மாடலில் டேங்க் கேபினுக்குள்ளே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூட வேண்டாம். எல்எஸ் இன்ஜெக்டருக்குச் சுமார் 4 பார் வேண்டும். அந்தப் பழைய டேங்கில் பம்பை இறக்கி, ஆள் உட்காரும் இடத்தில் அந்த அழுத்தத்தில் குழாய் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. டேங்கை வண்டியின் பின்பக்கம், சரக்கு ஏற்றும் தளத்துக்கு அடியில் மாற்றிவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்க இடமும் கிடைக்கும், கேபினில் பெட்ரோல் வாடையும் போகும். கயோட்டி வைத்தாலும் இதே வேலை உண்டு.

கயோட்டி 2011-இல் மஸ்டாங்கிலும் எஃப்-150-இலும் வந்த 5 லிட்டர். மஸ்டாங்கில் 412, எஃப்-150-இல் 360 குதிரைத்திறன். சந்தேகமே இல்லாமல் மூன்றிலும் நவீனமானது இதுதான். ஆனால் நான்கு கேம் ஷாஃப்ட், 32 வால்வு என்று ஹெட் இரண்டும் அகலமாக விரிந்து நிற்கும். அதனால் பழைய ஸ்டியரிங் பாக்ஸோடு இடித்துக்கொள்கிறது. பலர் முன் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டு கிரவுன் விக்டோரியா காரின் முன்பக்கத்தை அப்படியே ஏற்றுகிறார்கள். வண்டி ஓட்டத்துக்கு அது நல்லதுதான், ஆனால் எஞ்சின் மாற்றப் போனவர் சேஸிஸை வெட்டிக்கொண்டிருப்பார். பவர் ஸ்டியரிங்கும் சிக்கல். கயோட்டி வந்த மஸ்டாங்கிலும் எஃப்-150-இலும் ஸ்டியரிங் மின்மோட்டாரில் இயங்குவதால் எஞ்சினில் ஹைட்ராலிக் பம்பே கிடையாது. பிராக்கெட் தனியாக வாங்க வேண்டும். ஃபோர்டுக்குள் ஃபோர்டு இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன், அது வெறும் வீம்பு இல்லை. எல்எஸ் வைத்த வண்டியை விற்கப் போனால் பானெட்டைத் திறந்ததும் முகம் சுளிக்கிற ஃபோர்டு பிரியர்களும் உண்டு. பணமும் பொறுமையும் இருக்கிறவர்கள் தாராளமாக கயோட்டி பக்கம் போகலாம்.

கம்மின்ஸின் கதை வேறு. 1989 டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் 6பிடி டீசல், 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை). நம்மூர்க்காரர்களுக்கு இது அந்நியமில்லை: டாடாவும் கம்மின்ஸும் 1993-இல் ஜாம்ஷெட்பூரில் கூட்டு சேர்ந்து, டாடா லாரிகளுக்குச் செய்து கொடுத்த 5.9 லிட்டரும் இதே குடும்பம்தான். இதன் பெரிய அழகு ஒயரிங். டீசல் பம்பை நிறுத்தும் சோலனாய்டுக்கு (மின்காந்த வால்வு) ஒரு 12 வோல்ட் ஒயர் கொடுத்தால் எஞ்சின் ஓடும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் தேடி அலைய வேண்டாம். எல்எஸ் வைக்கிறவர் ஒயரிங்கோடு மல்லுக்கட்டும் நாட்களில் இவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் எடை சுமார் 500 கிலோ. எஃப்-100-இன் முன் சஸ்பென்ஷனுக்கு இது அநியாயம். அதைவிடக் கனமான எஃப்-250, எஃப்-350 வைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அங்கேயும் கியர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 4.10, டயர் உயரம் 31 அங்குலம் என்றால், ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாத கியர்பாக்ஸில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தாண்டிச் சுற்ற வேண்டும். அந்த டீசலின் உச்சமே அங்கேதான் இருக்கிறது. ஆக, ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் கட்டாயம், அந்தச் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய 6பிடி வாங்கினால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே முன் கவரைக் கழற்றிப் பாருங்கள். டைமிங் கியர் பெட்டியைப் பொருத்த ஒரு சின்ன எஃகு முளை வைத்திருப்பார்கள். அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து கியருக்குள் விழும். விழுந்தால் கியர் பல் உடையும், பெட்டி பிளக்கும். பக்கத்துப் போல்ட்டுக்கு அடியில் ஒரு தகட்டைக் கொடுத்து முளையை மறித்துவிட்டால் தீர்ந்தது. எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போது இது எளிது, வண்டிக்குள் போன பிறகு ரேடியேட்டர் முதல் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

எடைக்குப் பயந்து ரொட்டி வேன்களில் வந்த நான்கு சிலிண்டர் 4பிடி பக்கம் சிலர் போகிறார்கள். 105 குதிரைத்திறன், எரிபொருள் சிக்கனம் எல்லாம் உண்மை. ஆனால் அந்த 3.9 லிட்டர் நாலு சிலிண்டர் அதிர்கிற அதிர்வில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதை வைத்தாலும் பிரேக் முதல் வேலை. இந்த ஆண்டுகளின் எஃப்-100-இல் முன் சக்கரத்திலும் டிரம்தான். டிஸ்க் மாற்றாமல் கூடுதல் சக்தி ஏற்றக் கூடாது. சட்டப் பக்கம் கவலை குறைவு. கலிபோர்னியாவில்கூட 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை.

5.3 என்று முடிவெடுத்தால் எஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஒயரிங், கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். 2003-க்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கேபிள் இருக்காது. பெடலும், அதோடு வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆன கையோடு அணைந்துவிடும். யார்டில் ஒயரிங்கைக் கத்தரித்து வைத்திருந்தால் அந்த எஞ்சினை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.