எழும்பூரா, தரமணியா? மேடைப்பேச்சை ஆராய எங்கே போவது

தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றில் பிஎச்.டி. செய்ய வருபவருக்குச் சென்னையில் முக்கியமான இடங்கள் இரண்டு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டிலும் பேச்சு கிடைக்கும். ஆனால் ஒரே பேச்சு அல்ல.

எழும்பூரில் இருப்பது அரசாங்கத்தின் காதில் விழுந்த பேச்சு. 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியது ராஜதுரோக வழக்கானது. அப்படிப்பட்ட பேச்சுகளைப் போலீஸ் குறிப்பெடுத்து மேலே அனுப்பியது. மேலே நிர்வாகம் ஆங்கிலத்தில் நடந்ததால், கோப்பில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலம். எதுகை, மோனை, சிலேடை, நக்கல் எல்லாம் வழியிலேயே உதிர்ந்திருக்கும். மிஞ்சுவது தேதி, இடம், யார் யார் பேசினார்கள், கூட்டம் எவ்வளவு என்ற விவரம். இந்திய மொழிப் பத்திரிகைகள் எழுதியதை அரசாங்கம் தனக்காகத் தொகுத்த பழைய ‘சுதேசிப் பத்திரிகை அறிக்கை’களும் (Native Newspaper Reports) இப்படித்தான்: தமிழ்த் தலையங்கத்தின் சாரம், ஆங்கிலத்தில், அதிகாரி படிப்பதற்காக.

கோப்பைத் தேடும் முறைக்கும் பழக வேண்டும். ஆண்டுவாரியாக, துறைவாரியாக இன்டெக்ஸைப் புரட்டி, ஜி.ஓ. (அரசாணை) எண்ணும் தேதியும் எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ‘சொற்பொழிவு’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. அரசாங்கம் எதைக் கண்டு பயந்ததோ அந்தத் தலைப்பில் தேடுங்கள். பேச்சாளர் பெயரிலும் பாருங்கள்.

தரமணிக் கதை வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994இல் நூலகம் உருவானது. பெரிய நூலகங்கள் சீண்டாத அணா விலைப் பிரசுரங்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், நோட்டீஸ் என எல்லாவற்றையும் மனிதர் சேர்த்திருக்கிறார். பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம் என்பது பெரிய சௌகரியம். சொற்பொழிவு இங்கே தமிழிலேயே இருக்கும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் திருத்திய தமிழ். மேடையில் தடுமாறிய இடமும் கூட்டத்தில் எழுந்த குறுக்குக் கேள்வியும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். சில பிரசுரங்களில் எந்த ஊரில், என்றைக்குப் பேசியது என்பதுகூட இருக்காது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இலவசம்; தொடக்க வாசிப்புக்குப் போதும், ஆய்வேட்டுக்குப் போதாது.

அணிநயம், வாதமுறை, நடைதான் உங்கள் கேள்வி என்றால் தயங்காமல் தரமணி. யார் பேச்சு யாரை உறுத்தியது என்பதே கேள்வி என்றால் எழும்பூர். இரண்டும் வேண்டுமென்றால் தரமணியில் தொடங்குங்கள். அங்குள்ள பழைய இதழ்களின் கூட்டச் செய்திகளிலிருந்து தேதிகளைப் பொறுக்கிக்கொண்டு போனால் எழும்பூர் இன்டெக்ஸ் பாதி வேலையை முடித்துத் தரும். வெறுங்கையோடு முதலில் எழும்பூர் போகிறவர் இன்டெக்ஸைப் புரட்டியே மாதங்களைக் கழிப்பார்.