மலையடிவார விடியலா, கடலோர மாலையா? ஆஸ்துமாவோடு ஓடுபவனின் மார்கழிக் கணக்கு

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் என் நெஞ்சுக்குள் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கத் தொடங்கும். பத்து வயதிலிருந்தே இழுப்பு உடையவன் நான். ஆறு ஆண்டுகளாக நெடுந்தூரமும் ஓடி வருகிறேன். வீடு குலசேகரத்தை அடுத்து, மலையடிவார ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆசிரியர் பணி நாகர்கோவிலில். இதனால் குளிர்காலப் பயிற்சிக்கு எனக்கு இரண்டு வழிகள் உண்டு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலிலிருந்தே பேச்சிப்பாறைச் சாலையில் ஓடலாம். அல்லது பள்ளி விட்டதும் சொத்தவிளைக்குப் போய், சங்குத்துறைப் பக்கமாகக் கடலோரச் சாலையில் மாலையில் ஓடலாம். நான்கு குளிர்காலங்கள் முதல் வழியில் ஓடினேன். கடந்த இரண்டு குளிர்காலங்களாக இரண்டாவது வழியில் ஓடுகிறேன். என் சாய்வு கடலோர மாலையின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியில் ஓடினாலும் மருந்து ஒன்றுதான் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் சொன்ன அளவில் நாள் தவறாமல் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து இழுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஓடுவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன் இழுக்கும் சால்பூட்டமால், அதாவது மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து, கூடுதல் காப்பு; அதன் பயன் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை நிற்கும். ஆனால் நாள்தோறும் இழுத்தால் அந்தக் காப்பு குறைந்துகொண்டே போகும். சால்பூட்டமாலை மட்டுமே நம்பி ஆஸ்துமாவைக் கையாளக் கூடாது என்று ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019-இலேயே தன் பரிந்துரையை மாற்றிவிட்டது. ஒழுங்காக மருந்து எடுத்தால் இந்த நோயோடு எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதற்கு, சிறு வயதிலேயே ஆஸ்துமா கண்டறியப்பட்ட பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் மாரத்தானை முடித்து உலகச் சாதனை படைத்ததே போதும்.

மலையடிவார விடியலின் நன்மைகள் வெளிப்படையானவை. பயண நேரம் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, வண்டிகள் குறைவு, ஏற்ற இறக்கம் காலுக்கு வலுவூட்டும், மரநிழலில் ஏழு மணி வரை வெயில் தெரியாது. காலையிலேயே ஓட்டம் முடிந்துவிட்டால் அன்றைய பொழுது நம் கையில் இருக்கும். இத்தனையும் இருக்கும்போது அதை ஏன் விட்டேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நானும் நெடுநாள் பதில் சொல்லி வந்தேன். அந்தப் பதில் தவறு என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது.

ஓடும்போது ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகுவதன் காரணம் குளிர் என்பதைவிட வறட்சி என்பதே பொருத்தம். நுரையீரலுக்குள் போய்ச் சேரும் காற்று 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி நிறைந்ததாக இருக்க வேண்டும். அந்நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 44 கிராம் நீர் இருக்கும். வெளிக்காற்றில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் மூச்சுக்குழாயின் உட்பூச்சுதான் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டத்தில் மூக்கை விட்டு வாயால் மூச்சு விடும்போது அந்த உட்பூச்சு உலர்கிறது, அதிலுள்ள உப்பின் செறிவு ஏறுகிறது, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், லியூக்கோட்ரியீன் என்னும் இறுக்கும் பொருள்களை வெளிவிடுகின்றன, குழாயைச் சுற்றிய தசைகள் இறுகுகின்றன. நார்வே, ஃபின்லாந்து நாடுகளின் பனிச்சறுக்கு வீரர்களிடையே ஆஸ்துமா மிகுதியாக இருப்பதற்கு இதுவே முதன்மையான விளக்கம். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று இரண்டரை கிராமுக்கும் குறைவான நீரையே தாங்கும். நம் ஊர் மார்கழி விடியலில் 22 பாகையில் பனி ஈரத்தோடு நிற்கும் காற்றிலோ ஏறத்தாழ 19 கிராம் நீர் இருக்கிறது. சொத்தவிளையில் மாலையில் வெப்பம் 28 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதும் இருந்தால் அங்கும் அதே 19 கிராம்தான். காற்றின் வெப்பத்தில் ஆறு பாகை வேறுபாடு இருக்கிறது, அதற்கும் சிறிது பங்கு உண்டு. ஆனாலும் ஓரிடத்தில் நெஞ்சு அடைத்து மற்றோரிடத்தில் அடைக்காமல் இருப்பதற்கு அது போதாது. வேறொன்று இருந்தாக வேண்டும்.

அந்த வேறொன்று, அசையாமல் நிற்கும் காற்றில் தேங்கும் புகை. இந்த ஒப்பீட்டை முடிவு செய்வது அதுதான் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வானம் தெளிந்த மார்கழி இரவில் தரை தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் பானைக்கு மூடி போட்டது போல் ஆகிவிடும். மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் பள்ளத்தில்தான் வந்து தங்கும். வெயில் ஏறித் தரை சூடாகும் வரை, ஏறத்தாழ எட்டரை ஒன்பது மணி வரை, அந்த மூடி திறக்காது. அதற்குள் எழும் எந்தப் புகையும் ஆள் உயரத்திலேயே நிற்கும்.

எங்கள் ஊரில் அந்தப் புகைக்குக் குறைவில்லை. ஐப்பசியிலிருந்து தை வரைதான் ரப்பர் மரங்களில் பால் மிகுதியாகக் கிடைக்கும். பாலில் ஆசிட் சேர்த்து உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக அழுத்தி, புகைப்புரையில் 40 முதல் 60 பாகை வெப்பத்தில் நான்கைந்து நாள் உலர்த்துவார்கள். விறகும் சிரட்டையும் தேங்காய்த் தொண்டும் இட்டு மூட்டிய தீ இரவெல்லாம் கனிந்து கிடக்கும். இதோடு வீட்டு முற்றங்களில் கூட்டிக் குவித்த சருகை விடியலில் கொளுத்துவதும் சேர்ந்துகொள்ளும். இது மக்களின் பிழைப்பு. என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு புகைப்புரை இருக்கிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும், அதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு காற்றை வாயால் இழுத்துக்கொண்டு ஓடுபவருக்கும் அந்தப் புகை ஒரே அளவில் போவதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் பதினான்கு கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தோட்டத்து வரப்பில் கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றேன். ஓட்டத்தை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் மூச்சை வெளியே விடுவதே கடினமாகி, சீழ்க்கை ஒலி எனக்கே காதில் கேட்டது. நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கத்தியை மரத்தடியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, நான் நிமிரும் வரை முதுகில் கை வைத்து நின்றார். பிறகு சாலையைக் காட்டிச் சொன்னார்: “மக்களே, புகை தரையில படுத்துக் கெடக்குத நேரத்துல ஓடுனா நெஞ்சு அடைக்காம என்ன செய்யும்? காத்து எழும்பட்டும்.” அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். பனி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது இடுப்பளவு உயரத்தில் நீலமாகக் கிடந்தது.

அன்றிலிருந்து, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் குறித்துவைக்கத் தொடங்கினேன். நின்றுகொண்டு மூன்று முறை ஊதி, உயர்ந்த அளவை மட்டும் எழுத வேண்டும். என் நல்ல நாளின் உச்ச அளவு நிமிடத்துக்கு 510 லிட்டர். அதில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே, அதாவது 408-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. அந்த மார்கழியில் விடியலில் ஓடும் முன் 430, ஓடி முடித்துப் பத்து நிமிடங்களில் 350 என்ற கணக்கிலேயே பல நாள்கள் கழிந்தன. மறு ஆண்டு அதே மாதத்தில் சொத்தவிளையில் மாலையில் ஓடும் முன் 490, ஓடிய பின் 455. இதில் இடத்தின் பங்கு எவ்வளவு, நேரத்தின் பங்கு எவ்வளவு என்று என் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஏனெனில் மூச்சுக்குழாய்க்கும் ஒரு நாட்கடிகாரம் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிகாலை நான்கு மணி அளவில் அது மிகக் குறுகியும், பிற்பகல் நான்கு மணி அளவில் மிக விரிந்தும் இருக்கும். விடியலில் ஓடுபவர் குறுகிய குழாயோடு புகைக்குள் இறங்குகிறார் என்பதால் இரண்டு இழப்புகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

கடலோரத்தில் மாலை நாலரை மணிக்குக் கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கும். அது நெடுந்தொலைவு நீர்மேல் வந்த காற்று. அதில் மகரந்தமும் குறைவு, பூஞ்சைத் தூளும் குறைவு. சாலை சமதளம். முதலில் அரை நிமிட வேக ஓட்டங்களை இடைவெளி விட்டு ஆறேழு முறை ஓடிக்கொள்கிறேன். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படிச் செய்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் இறுகாமல் தாங்கும், நானும் அந்தப் பாதியில் இருக்கிறேன். ஜனவரியில் ஆறேகால் மணிக்குச் சூரியன் மறைந்துவிடுவதால் வேலை நாள்களில் பத்து கிலோமீட்டருக்கு மேல் முடியாது. நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடலோரம் என்பதற்காக விடியலில் அங்கே போனால் பயனில்லை. இரவிலும் விடியலிலும் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் உள்நாட்டுப் புகையே அங்கும் வந்து சேரும். கடலோரமும் மாலையும் சேர்ந்தால்தான் பலன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வாடைக்காற்று வலுத்து வீசும் சில நாள்களில் கடற்காற்று எடுபடாமல் மணலும் தூசியும் பறக்கும்; அன்று ஓடுவதில்லை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கடற்கரை ஊர்களில் வெடிப்புகை இருக்கும். பெட்ரோல் செலவு உண்டு. எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது ஓட்டம் முடிந்த பிறகான கால் மணி நேரம்: மூச்சு இறுக்கம் உச்சத்துக்கு வருவது நிறுத்திய ஐந்து முதல் பத்து நிமிடங்களில்தான் என்பதால், உடனே பைக்கில் ஏறி வேகக்காற்றில் போகக் கூடாது. கழுத்துத் துவர்த்தை (துண்டை) மூக்கோடு வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, மெல்ல நடந்து, ஒரு முறை ஊதிப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன்.

விடியல் பக்கம் எடை கூடும் ஓரிடம் பந்தயம். சென்னை மாரத்தான் ஜனவரியில், விடியும் முன்பே தொடங்குகிறது. மாலையிலேயே பழகிய உடலுக்கு அந்த நேரம் புதிது. ஆகவே பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் வாரம் ஒரு நாள் மட்டும் விடியலில், வேகம் குறைத்து, மருந்தை நேரத்துக்கு எடுத்து, துவர்த்துக் கட்டி ஓடுகிறேன். வெளிவிடும் மூச்சின் ஈரம் துணியில் தங்கி, உள்ளே போகும் காற்றை நனைத்துக் கொடுக்கிறது. புகைக்கு அது தடையாகாது. இப்படி ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் தயாரானேன் என்பதால், எல்லாருக்கும் இது போதும் என்று துணிந்து சொல்ல மாட்டேன்.

மாசி பிறந்தால் ஒப்பீடு இன்னும் ஒருபக்கமாகச் சாயும். இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள் தளிர்க்கும்போது சாம்பல் நோய்க்காகச் சில தோட்டங்களில் கந்தகத் தூள் தூவுவார்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த நாள்களில் அந்தச் சாலையையே தவிர்க்க வேண்டும். நாஞ்சில்நாட்டு வயல்களில் கும்பப்பூ என்னும் நெற்பருவ அறுவடையின் வைக்கோல் தூசியும் அப்போதுதான் எழும். நாகர்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் வயலோரம் வரும் இடங்களில் மூக்கை மூடிக்கொண்டே கடக்கிறேன். தும்மலும் கண் அரிப்பும் முன்னரே இருந்தால் மூக்குக்கான ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது; அடைத்த மூக்கோடு ஓடுபவர் முழுதும் வாயாலேயே மூச்சு விட வேண்டியிருக்கும்.

விடியலை நான் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்ததும் பின்கதவைத் திறந்து புகைப்புரையின் ஓட்டுக்கூரையைப் பார்ப்பேன். புகை மேலே எழுந்து மரத்தலைக்கு அப்பால் கலைந்தால் காலணியை மாட்டிக்கொண்டு பேச்சிப்பாறைச் சாலையில் இறங்கிவிடுவேன். ஓட்டின்மேல் வழிந்து தோட்டத்துக்குள் படர்ந்தால் கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது மணிக்கு மறுபடியும் திறந்து பார்ப்பேன்.