கார்ட்லெஸ் கருவிகளின் பேட்டரி: பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டிரில்லைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு டார்க், சுவரில் துளை போட ஹேமர் மோடு உண்டா என்று விசாரிக்கிறார்கள். என்னிடம் யாராவது யோசனை கேட்டால், முதலில் பேட்டரியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் பல வருடமாக இவற்றைத்தான் நம்பியிருக்கிறேன். டிரில்லில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம், சக் போனால் மாற்றலாம். பேட்டரி அப்படியில்லை, அது நாளுக்கு நாள் கரைகிற பொருள். டிரில், பேட்டரி, சார்ஜர் சேர்ந்த கிட்டின் விலையில் பெரிய பங்கும் அதற்குத்தான் போகிறது.

அதோடு ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் கருவியில் உட்காராது. மெட்டபோ 2018-ல் தொடங்கிய கார்ட்லெஸ் அலையன்ஸ் சிஸ்டம் மாதிரி சில கூட்டணிகளில் மட்டும் பல கம்பெனிகள் ஒரே பேட்டரியைப் பகிர்ந்துகொள்கின்றன. மற்றபடி முதல் கிட் வாங்கும்போதே அடுத்த கிரைண்டர், ரம்பம், புளோயர் எல்லாம் எந்தக் கம்பெனி என்பதும் முடிவாகிவிடுகிறது. அதனால் டிரில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வரிசையில் வேறு என்னென்ன கருவிகள் இருக்கின்றன, பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் தனியாக விற்கிறார்களா, சில வருடம் கழித்தும் அதே பேட்டரி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

18 வோல்ட் நல்லதா, 20 வோல்ட் நல்லதா என்ற குழப்பத்தை உடனே தள்ளிவிடலாம். இரண்டும் ஒன்றுதான். இந்த பேட்டரிகளுக்குள் இருக்கும் ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, முழுதாக ஏறினால் 4.2. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் சராசரி 18, முழு சார்ஜில் ஏறத்தாழ 21. ஒருவர் சராசரியை எழுதுகிறார், இன்னொருவர் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று உச்சத்தை ஒட்டி எழுதுகிறார். 12 வோல்ட் மேக்ஸ் என்று வருவதும் மூன்று செல் சேர்ந்த 10.8 வோல்ட்தான்.

உண்மையான வித்தியாசம் ஏஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண் பெரிதானால் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். அதைவிட முக்கியமான விஷயம், பேட்டரி பேக்குக்குள் எத்தனை செல் இருக்கிறது என்பது. சாதாரண 2 ஏஹெச் பேக்கில் ஐந்து செல். 5 ஏஹெச் பேக்கில் பெரும்பாலும் பத்து, அதாவது ஐந்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் சுமையைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்கிறது. மின்சாரம் பாதியானால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உண்டாகும் சூடு பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கிள் கிரைண்டரில் 2 ஏஹெச் பேக்கைப் போட்டு ஓர் இரும்பு ஆங்கிளை வெட்டிப் பாருங்கள். டிஸ்க் இரும்பைக் கடித்த உடனே சத்தம் மங்கி, இறங்கிக்கொண்டே போய், கருவி தானாக நின்றுவிடும். வெட்டு பாதிகூட ஆகியிருக்காது. பேக்கின் பட்டனை அழுத்தினால் சார்ஜ் காட்டும் நான்கு விளக்கில் மூன்று எரியும். சார்ஜ் இருக்கிறது, ஆனால் அந்தச் சுமைக்கு வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. அதே கிரைண்டரில் பத்து செல் பேக்கைப் போட்டால் டிஸ்க் ஒரே மூச்சில் இறங்கும், சத்தம்கூட மாறாது. கருவியே மாறிவிட்டதோ என்று தோன்றும். பலமாக அழுத்தும்போது கிரைண்டர் 30, 40 ஆம்பியர்கூட இழுக்கும். அத்தனையையும் ஒற்றை வரிசை செல்களிடம் கேட்பது நியாயமில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் பெரிய பேக் என்றும் சொல்லமாட்டேன். பத்து செல் பேக் 600 கிராமைத் தாண்டும். தலைக்கு மேல் கையைத் தூக்கி இம்பாக்ட் டிரைவரில் ஸ்க்ரூ ஏற்றும்போது அந்தக் கனம் மணிக்கட்டில் தெரியும். என் பழக்கம், டிரில்லுக்கும் டிரைவருக்கும் 2 ஏஹெச், கிரைண்டருக்கும் வட்ட ரம்பத்துக்கும் 5 ஏஹெச். முதல் தடவை வாங்குகிறவர்கள் இரண்டு சின்ன பேக்கும் ஒரு பெரிய பேக்கும் வைத்துக்கொண்டால் வேலை நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 4 ஏஹெச் என்று ஒரே எண் போட்டு இரண்டு விதமான பேக் வருகிறது. ஒன்றில் 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள 18650 செல் பத்து இருக்கும். மற்றதில் 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள 21700 செல் ஐந்தே ஐந்து. இரண்டாவது கைக்கு அடக்கமாக இருக்கும், டிரில்லுக்கு அருமை. கிரைண்டருக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன். புதிதாக வரும் டேப்லெஸ் செல் நல்ல முன்னேற்றம்தான். சுருட்டிய தகட்டிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றிரண்டின் வழியாக மட்டும் மின்சாரம் வெளியே வராமல், தகட்டின் முழு விளிம்பு வழியாகவும் வருவதால் தடையும் சூடும் குறைகிறது. பழைய பேக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாற வேண்டிய அவசரமில்லை.

சரி, பராமரிப்புக்கு வருவோம். “முழுதாகத் தீர்த்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடு” என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். லித்தியம் அயானுக்கு அது நேர் எதிர். பாதியில் சார்ஜ் போட்டால் இதற்கு ஒன்றும் ஆகாது, நல்லதும்கூட. அடிமட்டம் வரை இறக்குவதுதான் கெடுதல். அளவுக்கு மீறி இறங்கினால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கிவிடும். அதனால் கருவி சோர்ந்த உடனே பேக்கைக் கழற்றிவிடுங்கள். நின்றுபோன டிரில்லின் டிரிகரைத் திரும்பத் திரும்ப அழுத்தி “இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ” என்று பிழிவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அடுத்த எதிரி சூடு. கனமான வேலை முடித்து பேக்கைக் கழற்றும்போது உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் நேராகச் சார்ஜரில் செருக வேண்டாம். நிழலான மேசையில் அரைமணி நேரம் கிடக்கட்டும். நல்ல சார்ஜர்கள் சூட்டை உணர்ந்து விளக்கை மினுக்கிக் காத்திருக்கும், ஆனால் எல்லாச் சார்ஜரும் அப்படியில்லை. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்துவிடும், அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. அங்கே பேக்கை அறைக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு சார்ஜ் போட வேண்டும். அதிவேகச் சார்ஜரைப் பெரிய பேக்குக்கு வைத்துக்கொள்ளலாம். சின்ன பேக் அதில் சீக்கிரம் சூடாகிறது, மெதுவான சார்ஜரே அதற்குப் போதும்.

பல நாள் வேலை இல்லையென்றால் முழு சார்ஜில் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். நான்கு விளக்கில் இரண்டு எரிகிற நிலையில், குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைப்பது நல்லது. முழுதாக ஏற்றி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவைப்பதைப்போல ஆயுளைக் குறைக்கும் வழி வேறில்லை. கருவியிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்து, ஒரே விளக்குக்கு வந்திருந்தால் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

சார்ஜர் ஏற்க மறுத்த ஒரு பழைய பேக்கை நான் பிரித்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஐந்து ஜோடியில் நான்கு 3.7 வோல்ட் பக்கம் நல்லபடியாக இருந்தன. ஒரு ஜோடி மட்டும் 2 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தது. எட்டு செல் உயிரோடு இருந்தும் இரண்டால் மொத்த பேக்கும் முடங்கிவிட்டது. எல்லா ஜோடியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி பல பேக்குகளில் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு தன் தேவைக்கு ஒரே ஜோடியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேக்குகளும் உண்டு. சும்மா வைத்திருந்த பேக்கும் செத்துப்போவதற்கு இதெல்லாம் காரணம். இப்படிப்பட்ட பேக்கை நல்ல பேட்டரியோடு ஒயர் போட்டு இணைத்து ‘எழுப்பும்’ வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருமுறை அடிமட்டம் தொட்ட செல் மறுபடி சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

மலிவு டூப்ளிகேட் பேக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். 18650 செல்லில் அதிகபட்சக் கொள்ளளவே 3.5 ஏஹெச் சுற்றுவட்டம்தான். ஆகவே அப்படிப் பத்து செல் பிடிக்கும் கூட்டில் 7 ஏஹெச்சை ஒட்டித்தான் வர முடியும். அதே அளவுக் கூட்டில் 9 ஏஹெச் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது பொய். ஒரிஜினலோடு எடை போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஒரிஜினல் வாங்கும்போதும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பேட்டரிக்குக் கடை அலமாரியிலும் வயதாகிறது.

ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி கருவியில் போட உதவும் அடாப்டர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சார்ஜ் தீரும்போது நிறுத்தும் காவல் சில வரிசைகளில் பேக்குக்குள் இருக்கிறது, சிலவற்றில் கருவிக்குள். கருவியை நம்பியிருக்கும் பேக்கை அந்நியக் கருவியில் மாட்டினால் நிறுத்த ஆளே இல்லாமல் அடிமட்டம் வரை போய்விடும்.

ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் பெட்டியில் பேக்கை மூடியில்லாமல் போடாதீர்கள், டெர்மினலில் குறுக்கே விழுந்தால் ஷார்ட்தான். கிரைண்டர் வேலைக்குப் பிறகு அங்கே இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விமானத்தில் உதிரி பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். 100 வாட் ஹவர் (வோல்ட்டை ஏஹெச்சால் பெருக்கினால் வரும் எண்) வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 18 வோல்ட் 5 ஏஹெச் பேக் 90, அதனால் தப்பிக்கும். 6 ஏஹெச் 108, அதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உப்பிய பேக்கையும், விழுந்து கூடு உடைந்த பேக்கையும், சார்ஜில் இனிப்பு கலந்த கெமிக்கல் வாசனை வரும் பேக்கையும் அதற்கு மேல் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதீர்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். டெர்மினல் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.